இரண்டு பேருக்கு ஒரு துடிப்பு

மிதுனாவுக்கு நல்ல செய்தியைக்கூட உட்காரவைத்துத்தான் சொல்வார்கள். கெட்ட செய்தியாக இருந்தால் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு வாரத்துக்குப் பங்கு போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துண்டாகக் கொடுப்பார்கள். பெருந்துறையில் அவள் வீடு இருந்த தெருவுக்கே இது பழகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் அவள் தலை தெரிந்ததும் குரலைத் தணித்து, போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடியை அடுத்த தெருவுக்கு எடுத்துப் போவார்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்தால் அவள் கணவன் கவின் டிவியை அணைத்துவிடுவான். மறுநாள் காலை காப்பியோடு முடிவைச் சொல்வான், அதுவும் நம் ஆட்கள் ஜெயித்திருந்தால் கொஞ்சம் தயங்கித் தயங்கி.

நோய் மிதுனாவுக்கு இல்லை. அவளுக்குச் சளி பிடித்தே பல வருஷம் ஆகியிருந்தது. நோய் அவள் மகள் தாரகைக்கு.

எல்லோருடைய இதயத்திலும் 'இப்போது துடி' என்று சொல்ல ஒரு சின்ன இடம் உண்டு. தாரகைக்கு அந்த இடம் பிறந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. மூன்று வயதுக்குள் நெஞ்சை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டார்கள். துடிப்பு கொடுக்கும் பழைய கருவிகள் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய டாக்டர், தலை முழுக்க நரைத்தவர், புதிதாக வந்திருந்த ஒரு வழியைச் சொன்னார்.

"கடிகாரம் மாதிரி ஒரே சீரா அடிச்சா இதயத்துக்குப் பிடிக்காதும்மா. நம்ம துடிப்பு மூச்சுக்கு மூச்சு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதை மெஷின் போலியா செஞ்சு காட்டினா சின்னக் குழந்தை இதயம் கண்டுபிடிச்சிடுது. சதை தளர்ந்து போயிடுது. ஆனா பெத்தவங்க துடிப்பை அப்படியே வாங்கிக் கொடுத்தா ஏத்துக்குது. ஏன்னு கேட்காதீங்க, எங்களுக்கே முழுசாத் தெரியலை."

"எப்படிங்க வாங்கிக் குடுக்கறது?" என்று கேட்டாள் மிதுனா.

"உங்க நெஞ்சுல ஒரு பட்டை ஒட்டிடுவோம். பிளாஸ்திரி மாதிரிதான். அவ உள்ளே ஒரு சின்னக் கருவி. உங்க இதயம் எப்படித் துடிக்குதோ அப்படியே அவளுக்கும் துடிக்கும். பக்கத்துல இருந்தா நேரடியாப் போகும், தூரமாப் போனா செல்போன் கோபுரம் வழியாப் போகும். ரெண்டும் அறுந்துபோச்சுன்னா, சேமிச்சு வச்ச உங்க துடிப்பு மெதுவா ஓடிக்கிட்டிருக்கும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "தையல் ஆறட்டும். ஆறு வாரத்துக்கு நீங்க அமைதியா இருக்கணும். ஓடக்கூடாது, பயப்படக்கூடாது, முக்கியமாக் கோபப்படக்கூடாது."

அந்த நேரத்திலும் கவினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிதுனா அரசுப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவள் விசில் ஊதினால் மைதானத்தில் மாணவிகள் நிற்பதோடு, வெளியே ரோட்டில் போகிறவர்களும் ஒரு கணம் நிற்பார்கள். கபடி நடுவரை அவள் பிடித்து உலுக்கிய கதை மாவட்டம் முழுக்கத் தெரியும். கவினை அவள் கல்யாணத்துக்கு முன்பு முதன்முதலில் பார்த்ததே, அவனுடைய மஞ்சள் மண்டி லாரி பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது அவன் சட்டைக் காலரைப் பிடித்துத்தான்.

அப்படிப்பட்டவள் அந்த ஆறு வாரம் வாயைத் திறக்கவில்லை. தாரகை பிழைத்துக்கொண்டாள். உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. ஆறு வாரம் முடிந்தது.

அந்தப் பக்கத்தில் பத்தியம் என்றால் ஒரு வழக்கம் உண்டு. வைத்தியர் ஒரு மண்டலம் புளி சேர்க்காதே என்பார். இவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மண்டலம் தள்ளுவார்கள். மூன்றாவது மண்டலத்தில் புளி என்ற பேச்சே வீட்டில் எழாது. கேட்டால், "நல்லதுதானுங்களே, என்ன கெட்டுப்போச்சு?" என்பார்கள். மிதுனாவின் அமைதியும் அப்படித்தான் நீண்டது. ஆறு வாரம் ஆறு மாதமாயிற்று. பிறகு யாரும் கணக்கு வைக்கவில்லை.

பள்ளியில் அவளை நூலகத்துக்கு மாற்றினார்கள். மின்விசிறிச் சத்தத்தில் அவள் புத்தகங்களுக்கு எண் போட்டாள். மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாள். அவளுடைய வண்டி ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டேயிருந்தான். கவின் எந்நேரமும் கைப்பேசியில் அவள் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பான். எண் கொஞ்சம் ஏறினால், "என்ன மிது, என்ன நினைச்சுட்டு இருக்கற?" என்று மண்டியிலிருந்து போன் வரும். தனியாக உட்கார்ந்து கோபமாக ஒன்றை நினைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு வழி இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுடைய அப்பா இறந்தார். அதை அவளுக்குச் சொல்லவே நாலு நாள் எடுத்துக்கொண்டார்கள். ஐஸ் பெட்டியில் அப்பா படுத்திருக்க, துடிப்பு ஏறாமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்ட மிதுனா பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "பெத்த அப்பனுக்கு அழுகாத ஒரு பொம்பளை," என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்தது.

இவ்வளவும் எதற்கு என்றால் தாரகைக்காக. ஆனால் தாரகை எப்படி இருந்தாள்? உயிரோடு இருந்தாள். பத்து வயதில் ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். பள்ளிப் படியேறினால் பாதியில் உட்காருவாள். விளையாட்டு நேரத்தில் மற்றவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். "இருதயம் பலவீனமான புள்ளைங்க, அவ்வளவுதான் முடியும்," என்று எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். பலவீனமானது என்று முடிவு செய்துவிட்ட ஒன்றை அதற்கப்புறம் யார் பரிசோதித்துப் பார்க்கப் போகிறார்கள்?

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மிப் பயிற்சி ஆரம்பமாயிற்று. கும்மி ஆசிரியர் அஸ்வின், அறுபதைத் தாண்டியவர், குரல் மட்டும் முப்பதில் நின்றுவிட்டது. தினமும் சாயங்காலம் தெருவிலிருந்த பெண்களும் சிறுமிகளும் வட்டமாக நின்று பழகினார்கள். நாலு மாதம் பழகிய பிறகு ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம். தாரகை அப்பாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"சும்மா கையி மட்டும் தட்டறனுங்கப்பா. காலை அசைக்கவே மாட்டேன்."

கவின் யோசித்து, கைதட்ட மட்டும் அனுமதி கொடுத்தான். இரண்டு நாள் அவள் சொன்னபடி நின்றாள். மூன்றாம் நாள் பாட்டு வேகம் எடுத்தபோது கால் தானாக வட்டத்துக்குள் போய்விட்டது. நாலு சுற்று சுற்றியிருப்பாள். உதடு நீலமாகி, கண் செருகி, மண்ணில் சாய்ந்தாள்.

தகவல் வீட்டுக்கு வந்தபோது மிதுனா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கவின் முதலில் அவள் கையில் மாத்திரையைக் கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், அவள் விழுங்கிவிட்டாளா என்று பார்த்தான், அப்புறம்தான், "ஒண்ணுமில்ல மிது, பாப்பா சித்த சோர்ந்துபோயிட்டா," என்றான். மிதுனாவின் இதயம் அடங்கி ஒடுங்கித் துடித்தது. அங்கே மைதானத்தில் தாரகையுடையதும் அப்படியே துடித்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பழைய பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் டாக்டர் நஸ்ரின் என்று ஓர் இளம்பெண் இருந்தாள். தாரகையின் படங்களைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"பொண்ணு வளர்றா, இதயம் வளரலை. சதை ரொம்ப மெலிசா இருக்கு. இப்படியே போனா ஒண்ணு ரெண்டு வருஷத்துல இந்த உடம்புக்கு இந்த இதயம் போதாது. வேற இதயம் வைக்கணும். அது கிடைக்கணும், கிடைச்சாலும் ஒத்துக்கணும்."

கவின் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டான். மிதுனா மடியில் கை வைத்தபடி மெதுவாக மூச்சு விட்டாள். பழக்கம்.

டாக்டர் இன்னொரு திரையைத் திறந்து, மிதுனாவின் பழைய துடிப்புகளை ஓடவிட்டாள். முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள். நிமிர்ந்து மிதுனாவை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க ஏதாவது ஆசிரமத்துல இருக்கீங்களா?"

"இல்லீங்க. லைப்ரரியில இருக்கறேன்."

"ஏழு வருஷமா நீங்க ஒரு தடவைகூட ஓடலையா? பஸ்ஸைப் பிடிக்க? யாரையாவது அடிக்க?"

"அமைதியா இருக்கோணும்னு பெரிய டாக்டர் சொன்னாருங்க," என்றான் கவின்.

"எத்தனை நாளைக்கு?"

கவின் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஆறு வாரம்," என்றான் கவின் கடைசியில். "நாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு... நல்லதுதானுங்களே."

டாக்டர் நஸ்ரின் நாற்காலியை இழுத்து மிதுனாவின் எதிரே போட்டு உட்கார்ந்தாள். திட்ட வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். ஊரே அப்படித்தான் தணிக்கும்.

"நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு குழந்தை ஓடினா அதோட இதயமும் கூட ஓடணும். அப்பத்தான் காலுக்கு ரத்தம் போகும். ஓடி ஓடித்தான் அந்தச் சதையும் வளரும். உங்க பொண்ணோட இதயம் உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கு. அவ ஓடும்போது நீங்க உட்காந்திருக்கீங்க. அதனால அதுவும் உட்காந்திருக்கு. அன்னைக்கு அவ மைதானத்துல ஆடினப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அவரைக்காய் நறுக்கிட்டு இருந்தேன்."

"அதுக்கு எவ்வளவு ரத்தம் வேணுமோ அவ்வளவுதான் அவளுக்குப் போயிருக்கு. அதுக்கு மேல ஒரு மாத்திரை வேற."

"கூடினாலும் குறைஞ்சாலும் போன்ல மணி அடிக்கும்னு சொன்னாங்களே," என்றான் கவின். "ஒருநாளும் அடிக்கலீங்களே."

"எப்படி அடிக்கும்? நாற்காலியில உட்காந்திருக்கற ஆளுக்கு எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு." டாக்டர் எழுந்தாள். "இனி அவ ஓடும்போது நீங்களும் ஓடுங்க. அவ ஏறினா நீங்களும் ஏறுங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. நாலு மாசம் பார்ப்போம். இதயம் தேறினாப் பிழைச்சோம். இல்லைன்னா வேற இதயத்துக்குப் பேர் எழுதி வைக்கணும்."

திரும்பி வரும் வழியில் கார் தன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவிநாசி தாண்டியது. மிதுனா மெதுவாகக் கேட்டாள்.

"ஆறு வாரம்னு உங்களுக்கு நெனப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு. எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

அவ்வளவுதான். ஏழு வருஷமாக மூடிவைத்திருந்தது திறந்துகொண்டது. மிதுனா இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்தாள். கவினை, கவினுடைய கைப்பேசியை, அந்த மாத்திரையை, நூலகத்தை, துண்டு போட்ட செய்திகளை, தெருவை, அவரைக்காயை ஒன்றுவிடாமல் பிடித்து வாங்கினாள். கவின் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். காரின் குரல் பணிவாகக் குறுக்கிட்டு, சத்தம் அதிகமாக இருப்பதால் கண்ணாடியை இறக்கட்டுமா என்று கேட்டது. "நீ வாய மூடு," என்றாள் மிதுனா. அது மூடிக்கொண்டது.

அப்போதுதான் சட்டென்று பயந்துபோய்ப் பின்னால் பார்த்தாள். தாரகை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்படியொரு நிறத்தை அவர்கள் பார்த்ததேயில்லை.

"என்ன கண்ணு பண்ணுது?" என்றாள் மிதுனா.

"நல்லா இருக்குதுங்கம்மா," என்றாள் தாரகை. "கையெல்லாம் கதகதன்னு இருக்குது. இன்னுஞ் சித்த நேரம் திட்டுங்க."

மறுநாள் சாயங்காலமே மிதுனா மகளைக் கூட்டிக்கொண்டு கும்மி மைதானத்துக்குப் போனாள். யோசித்துப் பார்த்தால் அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் ஆட வேண்டும், கும்மியில் எல்லோரும் அப்படித்தான் ஆடியாக வேண்டும். பாட்டும் மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேகம் எடுக்கும். ஆனால் அவர்களைப் பார்த்ததும் கும்மி ஆசிரியர் அஸ்வினுக்கு வியர்த்துவிட்டது.

"வேண்டாம் கண்ணு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிப்போச்சுன்னா என்ற மனசு தாங்காது."

"நானும் கூட ஆடறனுங்க ஐயா. நான் ஆடினா அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

ஆசிரியருக்கு அது புரியவில்லை. பெருந்துறையில் யாருக்குமே முதலில் புரியவில்லை. ஆனால் மிதுனா விட்டாள் இல்லை. ஏழு வருஷம் அசையாத முட்டி முதல் வாரம் அவளைக் கொன்றெடுத்தது. வலது கை தட்ட வேண்டிய இடத்தில் இடது கை போயிற்று. திரும்ப வேண்டிய இடத்தில் எதிரே வந்தவளை இடித்தாள். மாவட்டக் கபடி அணியைப் பழக்கியவள் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் அடி கேட்டுக் கற்றுக்கொண்டாள். தாரகை வட்டத்தின் நேர் எதிரே நின்று அவளையே பார்த்து ஆடினாள். அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் மகளின் கால் லேசாகும். அம்மா நின்றால் மகளும் நின்றுவிட வேண்டும். இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்ளப் பழகினார்கள்.

முதன்முதலாகக் கைப்பேசியில் மணி அடித்த அன்று கவின் ஒரு கையில் மாத்திரையும் இன்னொரு கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக வட்டத்துக்குள் ஓடிவந்தான். மிதுனா ஆட்டத்தை நிறுத்தாமல் அந்தப் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, மாத்திரையை மைதானத்துக்கு வெளியே விட்டெறிந்தாள். அதன் பிறகு அவன் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவன் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பயத்தைத் தவிர வேறு எதையும் மகளுக்குக் கொடுத்துப் பழகாத அப்பா அவன், அதுவும் அன்பினால்தான்.

இரண்டு மாதத்தில் தாரகை பள்ளிப் படியை ஒரே மூச்சில் ஏறினாள். அப்போது மிதுனா கீழே நூலகத்தில் அலமாரிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். மணி பார்த்து, சொல்லி வைத்துக்கொண்டு செய்தார்கள். மாணவிகள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அரங்கேற்றத்துக்கு ஊரே வந்துவிட்டது. டாக்டர் நஸ்ரின் மறுவாரம் வரச் சொல்லியிருந்தாள், அன்றைக்குத்தான் முடிவு. "கடைசிப் பாட்டு நல்ல வேகம்னு சொன்னீங்களே. அதை முழுசா ஆடி முடிக்க முடியுதான்னு பாருங்க. அதுலயே எனக்கு நிறையத் தெரிஞ்சிடும்," என்றும் சொல்லியிருந்தாள். மாம்பழ நிறச் சேலையில் பெரிய வட்டம் போட்டு நின்றார்கள். தாரகைக்கு அதே நிறத்தில் பாவாடை. வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆசிரியர் குரல் எடுத்தார், மேளம் கூடிற்று.

ஒவ்வொரு பாட்டும் முந்தியதைவிட ஒரு படி மேலே போயிற்று. மிதுனாவின் முகத்தில் வியர்வை ஓடியது. எதிரே தாரகை சிரித்துக்கொண்டே சுற்றினாள். கடைசிப் பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மிதுனாவின் கால் ஒரு குழியில் பிசகிற்று. குப்புற விழுந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஓரத்து நாற்காலியில் கொண்டுவந்து வைத்துவிட்டு வட்டத்துக்கு ஓடினார்கள். கணுக்கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது.

கவின் ஓடி வந்தான். கைப்பேசியைப் பார்த்தான், எண் வரவில்லை, திரையில் தேடும் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டேயிருந்தது. மைதானம் முழுக்க ஆட்கள் கைப்பேசியில் நேரலை போட்டுக்கொண்டிருந்தால் சிக்னல் எங்கே வரும்?

"பாப்பாவை நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று அவள் காதில் கத்தினான்.

மிதுனா தாரகையைப் பார்த்தாள். பிள்ளை அம்மா விழுந்ததைப் பார்த்துவிட்டிருந்தாள், ஆனாலும் நிற்கவில்லை. வட்டத்தின் நடுவே இப்போது போய் இழுத்தால், அவள் ஆயுசுக்கும் செருப்புக் காவலுக்குத்தான் போவாள்.

"வேண்டாம். நான் உட்காந்துட்டேன், என்ற துடிப்பு இறங்கிப்போயிரும்." கவின் கையைப் பிடித்தாள். "எனக்குக் கோபம் வர்ற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க. வெசையாச் சொல்லுங்க."

கவின் ஒரு நொடி விழித்தான். பிறகு அவள் முன்னால் மண்ணில் மண்டியிட்டான்.

"உன்ற வண்டி ரிப்பேர்ல இல்ல. வித்துப்போட்டேன்."

"எப்ப?"

"ஆப்பரேசன் முடிஞ்ச அடுத்த மாசமே. நீ வேகமா ஓட்டுவயேன்னு."

"அந்த மெக்கானிக்கு?"

"அவனும் நானும் பேசி வச்சுக்கிட்டது."

மிதுனாவின் மூக்கு விடைத்தது. மேளம் இன்னொரு படி ஏறிற்று. "பத்தாது. இன்னும் சொல்லுங்க."

"நாலு வருசத்துக்கு முன்னால ஹெட்மாஸ்டரம்மா நம்மூட்டுக்கு வந்தாங்க. உன்னைய மறுபடி கிரவுண்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாங்க. உனக்கு இஷ்டமில்லைன்னு நானே சொல்லி அனுப்பிச்சுட்டேன்."

அவள் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் தடவிக்கொள்ளவும் இல்லை, நகரவும் இல்லை. வட்டத்தில் சேலைகள் பறந்தன. தாரகையின் பின்னல் அவிழ்ந்துவிட்டது.

"இன்னும் இருக்குதா?"

"இருக்குது." கவின் மண்ணைப் பார்த்தான். "வேண்டாம் மிது."

"சொல்லுங்க."

"மாமா. கடைசி நாளு அவருக்கு நெனப்பு நல்லாத்தான் இருந்துச்சு. மிதுனா எங்கேன்னு கேட்டாரு. வந்துட்டே இருக்கறா மாமான்னு சொன்னேன். உனக்கு நான் சொல்லவே இல்ல. சாயங்காலம் வரைக்கும் கதவையே பாத்துட்டு இருந்தாரு."

மிதுனா வாயைத் திறந்தாள், முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஐஸ் பெட்டி பக்கத்தில் வந்திருக்க வேண்டிய அழுகை அது. "அப்பா" என்று அவள் அழுத அழுகை மேளத்தையும் தாண்டி முன்வரிசை வரை கேட்டது. நெஞ்சு விம்மி விம்மி எழுந்தது. கவினும் அவள் முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். அழுதுகொண்டே அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து வட்டத்தைப் பார்த்தாள். தாரகை ஆடினாள், கைதட்டுத் தவறாமல், கால் தரையில் படுகிறதா என்று தெரியாத வேகத்தில். ஆசிரியர் கடைசி அடியை இழுத்து முடித்தார். மேளம் நின்றது. தாரகை நின்றாள். விழவில்லை, சாயவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், ஓடி வந்த எல்லாப் பிள்ளைகளையும் போல.

ஊரே எழுந்து கைதட்டியது. தாரகை நாற்காலிக்கு ஓடி வந்தாள்.

"நீங்க நல்லா அழுதீங்கம்மா," என்றாள். "எனக்குக் காலு நிக்கவே இல்ல."

அதன் பிறகு ஒரு வாரம் மிதுனா கவினோடு பேசவில்லை. வீங்கிய காலோடு ஆட்டோ பிடித்துப் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தாள், கால் சரியானதும் மைதானத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அப்பாவைப் புதைத்த தோட்டத்துக்குப் போய் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வந்தாள். கவின் இரண்டு இடத்துக்கும் பின்னாலேயே வேறொரு ஆட்டோவில் போய், கிட்டே வராமல் நின்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரின் படங்களைப் பார்த்தாள். இந்தத் தடவை முகம் சுளிக்கவில்லை.

"சதை நல்லாத் தேறியிருக்கு. வேற இதயம்கிற பேச்சை இனி விட்டுடலாம்," என்றாள். கவின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஆனா எனக்கு ஒரு விஷயம் புரியலை. அரங்கேற்றத்தன்னைக்கு நீங்க கீழே விழுந்தீங்களா?"

"ஆமாங்க. கடைசிப் பாட்டுல."

"உங்க பட்டை அப்பவே கழண்டிருக்கு."

மிதுனா யோசித்தாள். "வீட்டுக்குப் போனப்ப சேலையோட ஒட்டிட்டு இருந்துச்சுங்க. சேலை மாத்தறப்பக் கழண்டுதுன்னு நினைச்சு மறுபடி ஒட்டிக்கிட்டேன்."

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். மேலே மிதுனாவின் கோடு ஓரிடத்தில் நின்றுவிட்டது, அதற்கப்புறம் வெறும் வெள்ளை. கீழே தாரகையின் கோடு நிற்காமல், நெருக்கமாக, மேலே மேலே ஏறிக்கொண்டு போயிற்று.

"இங்கிருந்து கடைசி வரைக்கும் உங்ககிட்ட இருந்து ஒண்ணுமே வரலை. கருவி சேமிச்சு வச்ச துடிப்பை மெதுவாக் கொடுத்திருக்கணும். கொடுக்கலை. இதயம் பிந்தினாத்தான் அது கொடுக்கும். அவ இதயம் பிந்தவே இல்லை, கருவி சும்மா நின்னு வேடிக்கை பார்த்திருக்கு."

"அப்ப அவ யாரோட துடிப்புல ஆடினா?"

"அவளோடதுல," என்றாள் டாக்டர். "பிறந்ததுல இருந்து வாயைத் திறக்காத இடம் திறந்துடுச்சு. நாலு மாசமா தினமும் ஓடி ஓடி நீங்கதான் எழுப்பியிருக்கீங்க. எங்களுக்கே இது புதுசு. இப்ப அந்தப் பட்டையை எடுங்க, பார்ப்போம்."

மிதுனா ரவிக்கைக்குள் கை விட்டுப் பட்டையை உரித்து மேஜைமேல் வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த தாரகையின் கோடு அதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. மிதுனா அதையே பார்த்தாள். கண் நிறைந்தது. மகளின் தலையைக் கோதினாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு ஏதோ உறைத்தவளாக மெதுவாகக் கவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அன்னைக்கு அவ பாட்டுக்குத் தன்னால ஆடிட்டு இருந்திருக்கறா. நீங்க எங்கிட்ட அதையெல்லாம் சொன்னது?"

கவின் தரையிலிருந்தே பார்த்தான். "தேவையில்லாமப் போச்சு," என்றான்.

"தேவையில்லாமப் போச்சா?"

வண்டியிலிருந்து ஆரம்பித்தாள். மெக்கானிக்குக்கு வந்தாள். தலைமை ஆசிரியையிடம் தன் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்ல இவன் யார் என்று கேட்டாள். அவள் குரல் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிற்று. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள், டாக்டர் நஸ்ரின் பேசாமல் இரு என்று கைகாட்டினாள். மிதுனாவின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, மேஜையில் ஓங்கி அறைந்ததில் பட்டை துள்ளிக் கீழே விழுந்தது. கவின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது.

"அம்மா, இங்க பாருங்க," என்றாள் தாரகை. "நீங்க இத்தனை கத்தியும் எனக்கு ஒண்ணுமே ஆகல."

மிதுனா ஒரு கணம் நிறுத்தித் திரையைப் பார்த்தாள். மகளின் கோடு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, கவினிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.